செடியில பஞ்சு பூத்திருக்கு, டீச்சர்!

தொட்டிச் செடி இல்லாத பள்ளி இன்று குறைவு. வகுப்பறை வாசலில் இரண்டு குரோட்டன்ஸ், தலைமையாசிரியர் அறைச் சன்னலில் ஒரு மணி பிளான்ட், கொடிக்கம்பத்தைச் சுற்றிச் செம்பருத்தி, சமையலறைப் பக்கம் ஒரு கறிவேப்பிலை என்று எப்படியும் பத்துப் பதினைந்து தொட்டிகள் சேர்ந்துவிடுகின்றன. பிறந்த நாளுக்கு மிட்டாய்க்குப் பதிலாகச் செடி தரும் வழக்கம் வந்த பிறகு எங்கள் நடுநிலைப் பள்ளியில் அந்த எண்ணிக்கை நாற்பதைத் தாண்டிவிட்டது. செடி வந்தால் பின்னாலேயே பூச்சியும் வரும். "செடியில பஞ்சு பூத்திருக்கு, டீச்சர்" என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டியது பஞ்சு அல்ல, மாவுப்பூச்சி.

இப்படி ஒன்றைப் பார்த்ததும் ஆசிரியர் அறையில் முதலில் எழும் கேள்வி, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். எங்கள் சேலம் மாவட்டத்தில் உரக்கடைக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகளின் வீட்டிலேயே பாதி காலியான மருந்துப் புட்டி கிடக்கும். "அப்பாகிட்ட கேட்டு நாளைக்குக் கொண்டு வர்றேன்" என்று ஒரு கை உயரும். அந்தக் கையை அன்போடு, ஆனால் உறுதியாக இறக்கிவிட வேண்டும். பள்ளி வளாகத்துக்குள் பூச்சிக்கொல்லிப் புட்டி வரவே கூடாது என்பது என் கட்சி. 2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலத்தின் சாரண் மாவட்டத்தில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். சமையல் எண்ணெயில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி. அங்கே யாரும் பூந்தொட்டிக்கு மருந்து அடிக்கவில்லை. ஆனால் நஞ்சும் சமையல் பொருளும் ஒரே இடத்தில் புழங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. நாற்பது தொட்டிகளுக்காக அந்த ஆபத்தை நாம் விலைக்கு வாங்க வேண்டாம்.

வீட்டுச் சமையலறையிலும் தெருவோர வேப்பமரத்தடியிலும் கிடைப்பவற்றைக் கொண்டே தொட்டிச் செடிகளைக் காப்பாற்ற முடியும். ஆனால், "இயற்கை மருந்து" என்று சொல்லப்படும் எல்லாமே வேலை செய்வதும் இல்லை, எல்லாமே தீங்கற்றவையும் இல்லை. எது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எதைக் கையில் எடுப்பது, எதை விடுவது என்பது தானே விளங்கும்.

முதலில் இலையைத் திருப்புங்கள்

தொட்டிச் செடிகளைத் தாக்குபவற்றில் பெரும்பாலானவை இலையைக் கடித்துத் தின்பவை அல்ல, சாற்றை உறிஞ்சுபவை. அதனால் ஓட்டை தெரியாது. இலை வெளிறும், சுருளும், பிசுபிசுக்கும். குற்றவாளி எப்போதும் இலையின் அடிப்பக்கத்திலோ, இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்திலோ இருக்கும். ஆகவே மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு பாடவேளை முழுவதும் இலையைத் திருப்பிப் பார்க்க மட்டும் ஒதுக்குங்கள். ஆய்வகத்தில் தூசு படிந்து கிடக்கும் கைலென்ஸுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. லென்ஸ் இல்லாவிட்டால் கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் போதும்.

வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் மாவுப்பூச்சி. இளந்தளிரிலும் மொட்டிலும் பச்சையாகவோ கறுப்பாகவோ ஊசித்தலை அளவில் கூட்டமாக மொய்த்திருந்தால் அசுவினி. தொட்டியை அசைத்ததும் வெண்பொடி பறப்பதுபோல் கிளம்பி மீண்டும் இலையடியில் உட்கார்ந்தால் வெள்ளை ஈ. தண்டில் பழுப்பு நிறத்தில் சிறு குமிழ்கள் ஒட்டி, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால் அது செதிள்பூச்சி. இலையின் மேற்புறம் மணல் தூவியதுபோல் மங்கலான புள்ளிகள் நிறைந்திருந்தால், இலைக்கடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். தாளில் விழுந்த தூசியில் சில மட்டும் நடக்கத் தொடங்கினால் அவை செஞ்சிலந்திப் பேன்கள். அவற்றுக்கு எட்டுக் கால், பூச்சிக்கு ஆறு கால். ஆகவே அது பூச்சியே அல்ல, சிலந்தியின் உறவு என்பதைப் பிள்ளைகள் எண்ணிக் கண்டுபிடிக்கும்போது கணுக்காலிகள் பாடம் பாதி முடிந்துவிடும்.

எறும்பையும் கவனிக்கச் சொல்லுங்கள். தொட்டியின் மேல் எறும்புச் சாரை ஏறினால், மேலே யாரோ தேன் சுரக்கிறார்கள் என்று பொருள். செடியின் சாற்றில் சர்க்கரை அதிகம், புரதத்துக்கு வேண்டிய நைட்ரஜன் மிகக் குறைவு. போதிய நைட்ரஜனுக்காக அசுவினியும் மாவுப்பூச்சியும் அளவுக்கு மீறி உறிஞ்சி, மிஞ்சிய சர்க்கரையைப் பிசுபிசுப்பான திரவமாகக் கழிக்கின்றன. இலை பிசுபிசுப்பது அதனால்தான். அந்தத் தேனுக்காக எறும்புகள் அவற்றுக்குக் காவல் நிற்கின்றன, பொறிவண்டு வந்தால் விரட்டுகின்றன. அதே தேன் படிந்த இலையில் கரும்பூஞ்சை வளர்ந்து கரி பூசியதுபோல் ஆகிவிடுகிறது. கறுத்த இலையைப் பார்த்து "நோய்" என்று முடிவு கட்டுபவர்கள் பலர். மேல் கிளையில் உள்ள பூச்சியை ஒழித்தால் கீழ் இலையின் கறுப்பு தானே நின்றுவிடும்.

கையும் தண்ணீரும்

பூச்சி வந்த தொட்டியை மற்ற தொட்டிகளிலிருந்து பிரித்து வைப்பதுதான் முதல் சிகிச்சை. கூட்டமாக ஒட்டியிருக்கும் நுனியை வெட்டி எடுத்துச் சோப்புத் தண்ணீரில் முக்கிவிடுங்கள். வெட்டியதைக் குப்பைக் குழியில் அப்படியே போட்டால் அடுத்த நாளே அவை வேறு செடி தேடும். பிறகு தண்ணீர். குழாயில் ஒரு துண்டு ஹோஸ் மாட்டி, விரலால் வாயை அடைத்து, இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகப் பீய்ச்சினால் அசுவினியில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். விழுந்தவற்றில் பல மறுபடி ஏறிவர முடியாமலே மடியும். செஞ்சிலந்திப் பேனுக்கும் இதுவே நல்ல வைத்தியம். அது வறண்ட தூசியை விரும்பும், ஈரத்தை வெறுக்கும். மணி பிளான்ட் போன்ற அகன்ற இலைகளை ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

இதைச் சொன்னால், "அவ்வளவுதானா?" என்று முகம் சுருங்குகிறது. மருந்து என்றால் ஏதாவது அரைக்க வேண்டும், ஊறவைக்க வேண்டும், நாற வேண்டும் என்ற எண்ணம் நமக்கு இருக்கிறது. ஆனால் மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு வாரம் தண்ணீர் பீய்ச்சுவது பல கஷாயங்களைவிட மேல். எப்படிச் சொல்கிறேன் என்பதை, நாங்கள் செய்துபார்த்த சோதனைக்கு வரும்போது விளக்குகிறேன்.

சோப்பு ஏன் கொல்கிறது?

தண்ணீருக்கு அசையாத மாவுப்பூச்சிக்கும் வெள்ளை ஈயின் குஞ்சுகளுக்கும் அடுத்த படி சோப்புக் கரைசல். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் உப்பு என்று நாம் கற்பிக்கிறோம். அது உடல் மெலிந்த பூச்சியின் மேல்தோலில் உள்ள மெழுகைக் கரைத்து, செல்களின் சவ்வைச் சிதைக்கிறது. பூச்சி உடல்நீரை இழந்து சாகிறது. இதில் மூன்று விஷயங்கள் அடங்கியுள்ளன. கரைசல் பூச்சியின் மேலே நேரடியாகப் பட வேண்டும். ஈரமாக இருக்கும்வரைதான் வேலை செய்யும், காய்ந்தபின் இலையில் படிந்த சோப்பால் புதிதாக வரும் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது. முட்டைகள் பெரும்பாலும் தப்பிவிடும். எனவே இலையின் மேற்புறம் மட்டும் ஒருமுறை தெளித்துவிட்டு, "சோப்பு சரிப்படவில்லை" என்று சொல்வது நியாயமில்லை. இலையடியில் சொட்டச் சொட்ட நனைத்து, ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை தெளிக்க வேண்டும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளை அடுத்தடுத்த சுற்றில் பிடிப்பதற்கே இந்த இடைவெளி.

அளவு எளிது. சாதாரணச் சோப்புக் கட்டியைத் துருவி 5 முதல் 10 கிராம் எடுத்து, கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, ஒரு லிட்டராக்கி ஆறவிடுங்கள். காதிக் கடையில் கிடைக்கும் சோப்பு நல்லது. துணி துவைக்கும் டிடர்ஜென்ட் தூள் வேண்டாம். அது வேதியியல்படி சோப்பே அல்ல, இலையையும் பொசுக்கும். பெரணிச் செடிக்கும், தொட்டாலே வாடும் இளந்தளிருக்கும் சோப்பு ஒத்துக்கொள்ளாது. எந்தச் செடியானாலும் ஓர் இலையில் மட்டும் தெளித்து, இரண்டு நாள் பொறுத்திருந்து, கருகவில்லை என்றால் மேலே செல்லுங்கள்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினநீர். அதில் சோப்பைக் கரைத்தால் நுரைக்குப் பதிலாகத் தயிர்போல் திரிதிரியாக மிதக்கும். கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுவதால், பூச்சியைக் கொல்லச் சோப்பு மிச்சமிருக்காது, தெளிப்பானின் துளையும் அடைத்துக்கொள்ளும். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஒரு புட்டி, பிடித்துவைத்த மழைநீரில் ஒரு புட்டி, இரண்டிலும் ஒரே அளவு சோப்பு போட்டுக் குலுக்கச் சொல்லுங்கள். கடினநீர் பாடத்தைப் பலகையில் எழுதிப் புரியவைப்பதைவிட இது சுலபம். மழைநீர்த் தொட்டி இருக்கும் பள்ளிகள் செடி மருந்துக்கு அந்த நீரையே எடுங்கள்.

வேம்பு

1959-இல் சூடான் நாட்டில் பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கி, கண்ணில் பட்ட பச்சையை எல்லாம் மேய்ந்தது. வேப்பமரங்களை மட்டும் விட்டுவிட்டது. அதைக் கண்ட ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் பின்னர் தம் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியை வேம்புக்கே செலவிட்டார். நெல் குதிரில் வேப்பிலை போட்ட நம் பாட்டிமாருக்கு அது செய்தியல்ல. ஆனால் ஏன் என்பதற்கான விடை 1968-இல் அசாடிராக்டின் என்ற பொருள் பிரித்தெடுக்கப்பட்ட பிறகே தெளிவாகத் தொடங்கியது. அது பூச்சியின் பசியைக் கெடுக்கும். தோலுரிக்க உதவும் ஹார்மோனைக் குழப்பி, குஞ்சு வளராமல் தடுக்கும். உடனே கொல்லாது. தெளித்த மறுநாள் காலை ஓடிப்போய்ப் பார்த்த பிள்ளைகள், "இன்னும் உயிரோட இருக்கு டீச்சர்" என்று ஏமாந்து திரும்பினார்கள். வேம்பைப் பயன்படுத்துபவருக்கு ஒரு வாரம் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

கடையில் வாங்கும் வேப்பெண்ணெய் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. எண்ணெயும் நீரும் சேராது என்பதால் சோப்புக் கரைசல் சில சொட்டு விட்டு, எண்ணெயை முதலில் அதோடு கலக்கி, பிறகு தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். பால்போல் வெளுத்து வந்தால் சரியாகக் கலந்திருக்கிறது. மேலே எண்ணெய்த் திட்டு மிதந்தால் அந்தத் திட்டு விழும் இலை கருகும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்திருந்தால் புட்டியை வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் இளகிவிடும்.

காசில்லாமல் செய்ய வேண்டுமானால் வேப்பங்கொட்டை இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் மரத்தடியில் பழம் கொட்டிக் கிடக்கும். பிள்ளைகள் பொறுக்கி வந்த பழத்தைப் பிசைந்து சதையை நீக்கி, விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடித்து வீணாகும். தேவைப்படும்போது 50 கிராம் பருப்பை இடித்து, துணியில் முடிந்து, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் நன்றாகப் பிழிந்து வடிகட்டி ஒரு லிட்டராக்கி, 2 கிராம் சோப்பு சேர்க்க வேண்டும். வயலுக்கு வேளாண் துறையினர் பரிந்துரைக்கும் ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் இதுதான். நாம் தொட்டிக்கு ஏற்றபடி சுருக்கிக்கொள்கிறோம், அவ்வளவே. ஓராண்டுக்கு மேல் பழைய கொட்டையில் வீரியம் குறைந்துவிடும்.

வேம்பை மாலை நாலரை மணிக்கு மேல்தான் தெளிக்க வேண்டும். அசாடிராக்டின் வெயிலில் வேகமாகச் சிதையும். எண்ணெய் பட்ட இலையில் உச்சி வெயில் பட்டால் வெந்துவிடும். தேனீக்கள் பூவைத் தேடி வரும் நேரமும் அதற்குள் ஓய்ந்துவிடும்.

"வேம்புதானே, ஒன்றும் ஆகாது" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டும் பழைய வழக்கத்தால் மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி மலேசிய மருத்துவர்கள் 1980-களின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். எண்ணெய்ப் புட்டியைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். அளந்து ஊற்றுவது ஆசிரியர் வேலை. கலந்த கரைசலைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கவே கூடாது. பெயரும் தேதியும் எழுதி ஒட்டிய தெளிப்பானில் மட்டுமே இருக்கட்டும். கீரைப் பாத்தியிலும் கறிவேப்பிலையிலும் தெளித்தால் சில நாள் பறிக்காமல் விட்டு, பறித்ததை நன்றாக அலசிய பிறகே சத்துணவுச் சமையலுக்குக் கொடுக்க வேண்டும். தெளித்த பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தட்டைத் தொடக் கூடாது.

கஞ்சி, சாம்பல், மோர், மிளகாய்

2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தபோது ஓலையெல்லாம் கரும்பூஞ்சை படிந்தது. அதற்கு உழவர்களுக்குச் சொல்லப்பட்ட வழிகளில் ஒன்று மைதாக் கஞ்சி. லிட்டருக்கு 25 கிராம் மாவைக் காய்ச்சி ஆறவைத்துத் தெளித்தால், அது மெல்லிய ஏடாகக் காய்ந்து, வெயிலில் பொருக்கு விட்டு உதிரும்போது கரும்பூஞ்சையையும் உரித்துக்கொண்டு போகும். கரி பூசிய குரோட்டன்ஸ் இலைக்கும் இதே கணக்குத்தான். எங்கள் ஊரில் மைதா எதற்கு? குச்சிக்கிழங்கு மாவு இருக்கிறதே! பிள்ளைகள் வீட்டிலிருந்து ஒரு பிடி கொண்டுவந்தார்கள். நன்றாகவே உரிந்தது.

அவரைக் கொடியில் அசுவினி கண்டால் காலைப் பனி காயும் முன் அடுப்புச் சாம்பலைத் தூவுவது பழைய வழக்கம். நுண்ணிய தூள் பூச்சியின் தோலை உரசி ஈரத்தை உறிஞ்சும். கொஞ்சமாகப் பயன்படுத்தலாம். சாம்பல் காரத்தன்மை உடையது, சின்னத் தொட்டியில் கைநிறையக் கொட்டினால் மண் கெடும். எரிவாயு வந்த பிறகு விறகுச் சாம்பல் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. நெகிழி எரித்த சாம்பலை யாரும் கொண்டுவந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புளித்த மோரில் பெருங்காயம் கரைத்துக் கறிவேப்பிலைக்கு ஊற்றாத வீடு குறைவு. பால்பொருள்கள் சாம்பல்நோய்ப் பூஞ்சையைத் தடுப்பதற்குச் சான்று உண்டு. 1999-இல் பிரேசிலில் சுரைக்காய் இனச் செடியில் பசும்பாலைத் தெளித்துப் பார்த்து அதை வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே இலையில் மாவு படிந்ததுபோன்ற நோய்க்கு நீர்த்த மோர் தெளிக்கலாம். பூச்சிக்கு அது மருந்தாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் அப்படியே, அவை செடிக்கு ஊட்டம் தருபவை.

இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய்க் கரைசலை உழவர்கள் செய்கிறார்கள், பயனும் காண்கிறார்கள். பள்ளிக்கு அது வேண்டாம் என்பேன். காற்று திசைமாறி வீசினால் மிளகாய்த் துளி பூச்சியின் மேல் அல்ல, ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணில் விழும். அதைவிட முக்கியம் புகையிலைக் கஷாயம். நன்றாக வேலை செய்யும் என்று ஒரு மாணவியின் அம்மாயி சொல்லியனுப்பியிருந்தார். வேலை செய்யும் என்பது உண்மை. அதில் இருக்கும் நிகோடின் தோல் வழியாகவே உடலுக்குள் போகும் கொடிய நஞ்சு, அதனால்தான் வேலை செய்கிறது. புகையிலையில் ஒட்டியிருக்கும் வைரஸ் தக்காளி, மிளகாய்ச் செடிகளுக்குத் தொற்றவும் கூடும். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதை நாமே மருந்து என்று உள்ளே கொண்டுவரலாமா? அம்மாயிக்கு இந்தக் காரணத்தை எழுதியே அனுப்பினேன்.

நான்கு தொட்டிகள்

பிள்ளைகளே சோதித்துப் பார்க்கட்டும் என்று ஒரே அளவான நான்கு செம்பருத்தித் தொட்டிகளைத் தேர்ந்தோம். நான்கிலும் அசுவினி இருந்தது. ஒவ்வொன்றிலும் மூன்று தளிர்களில் வண்ண நூல் கட்டினோம். முதல் தொட்டிக்கு ஒன்றும் இல்லை, இரண்டாவதற்கு வெறும் தண்ணீர், மூன்றாவதற்குச் சோப்பு, நான்காவதற்கு வேப்பெண்ணெய். திங்களும் வெள்ளியும் லென்ஸ் வைத்து எண்ணி அட்டவணையில் எழுத வேண்டும்.

"முதல் செடி பாவம் டீச்சர், அதுக்கும் கொஞ்சம் அடிக்கலாமே" என்று ஒரு பெண் குழந்தை விடாமல் கெஞ்சினாள். ஒன்றும் செய்யாத தொட்டி ஒன்று இல்லாவிட்டால் மற்ற மூன்றில் நடந்ததற்கு எது காரணம் என்று எப்படிச் சொல்வாய் என்று கேட்டேன். ஒப்பீட்டுச் சோதனை என்ற சொல்லைச் சொல்லாமலே அது புரிந்துவிட்டது. மூன்றாவது வாரம் வரைபடம் வரைந்தபோது சோப்புத் தொட்டியின் கோடு வேகமாக இறங்கியது. வேம்புக் கோடு மெதுவாக இறங்கி, பிறகு கீழேயே நின்றது. வெறும் தண்ணீர்த் தொட்டியின் கோடும் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது வகுப்புக்கே வியப்பு. நாம் மஞ்சளுக்கும் வெங்காயத் தோலுக்கும் காபித் தூளுக்கும் கொடுக்கும் பெருமையில் எவ்வளவு தண்ணீருக்கே சேரவேண்டியது என்று அன்று ஒரு விவாதம் நடந்தது. அடுத்த பருவத்தில் வெங்காயத் தோலையும் சோதிப்பது என்று அவர்களே முடிவு செய்திருக்கிறார்கள்.

முதல் தொட்டியிலும் ஒரு செய்தி இருந்தது. அங்கே கடைசி வாரத்தில் பொறிவண்டுகள் வந்து சேர்ந்தன. நாங்கள் எதையும் தெளிக்காததால் அவற்றுக்கு அங்கே சாப்பாடு இருந்தது.

கொல்லக் கூடாதவை

பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும், அதன் புழுவைத் தெரியாது. கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டு, 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் புழுவும் உடலெங்கும் வெள்ளை மெழுகு இழைகளோடு மாவுப்பூச்சி போலவே இருக்கும். பிள்ளைகள் முதலில் நசுக்குவது அதைத்தான், ஏனென்றால் அது பெரியதாகக் கண்ணில் படும். வேறுபாடு ஒன்றே. மாவுப்பூச்சி மந்தமாகக் கிடக்கும், புழு சுறுசுறுப்பாக ஓடும். ஓடும் பஞ்சைத் தொடாதே என்பது எங்கள் வகுப்பு விதி. கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் ஒட்டியிருந்து பிறகு பச்சையாக மாறும் புழுவும் வண்ணத்துப்பூச்சியின் குழந்தை. இரண்டு கிளை போனால் போகட்டும். அதை ஒரு கண்ணாடிப் புட்டியில் இலையோடு வைத்து, வலைத்துணியால் மூடினால் ஒரு முழு உருமாற்றத்தை நேரில் பார்க்கலாம்.

மாவுப்பூச்சி எங்கள் பிள்ளைகளுக்குத் தொட்டியோடு முடியும் விஷயமல்ல. 2008-இல் கோவையில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு, செம்பருத்தி என்று எதையும் விடாமல் பரவியது. எவ்வளவு மருந்து அடித்தும் அடங்காத அதை, 2010-இல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விடப்பட்ட ஒரு மில்லிமீட்டரும் இல்லாத ஒட்டுண்ணிக் குளவிகள் அடக்கின. 2020-இல் குச்சிக்கிழங்கைத் தாக்கும் வேறொரு மாவுப்பூச்சி கேரளம் வழியாகத் தெரியவந்து நம் பக்கமும் வந்தது. அதற்கும் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெசி என்ற குளவி வரவழைக்கப்பட்டு, 2022 மார்ச்சில் எங்கள் மாவட்டத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. ஆப்பிரிக்காவில் இதே குளவியைப் பரப்பிக் கிழங்குப் பயிரைக் காத்த ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றவர். இதை நான் சொன்னபோது, மருந்து அடித்துக் கடன்பட்ட கதையைத் தன் வீட்டில் கேட்டிருந்த ஒரு மாணவன், "அந்தக் குளவிக்கும் நம்ம மருந்து பட்டா செத்துரும்ல டீச்சர்?" என்று கேட்டான். ஆமாம். சோப்பும் எண்ணெயும்கூட மேலே பட்டால் அதைக் கொல்லும். ஆகவே பூச்சி இருக்கும் கிளையில் மட்டும் தெளிக்கிறோம், தோட்டம் முழுவதும் அல்ல. வெள்ளை ஈயைப் பிடிக்க மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுகிறோமே, அதையும் வாரத்தில் இரண்டு நாள்தான் வைக்கிறோம், நல்லவையும் வந்து ஒட்டுகின்றன.

தொட்டி மண்ணிலிருந்து கொசுபோல் சிறு ஈக்கள் கிளம்புகின்றன என்று சிலர் கேட்பார்கள். அது பூஞ்சைக் கொசு. மருந்து தேவையில்லை. நாள்தோறும் ஐந்து பேர் அன்பு மிகுந்து தண்ணீர் ஊற்றுவதுதான் காரணம். மேல்மண் ஒரு அங்குலம் காயும்வரை தண்ணீரை நிறுத்தினால் அதன் புழுக்கள் பிழைக்காது. யார் எந்த நாள் ஊற்றுவது என்று பட்டியல் போட்டுத் தொங்கவிடுங்கள்.

கோடை விடுமுறையில் நிலைமை தலைகீழ். தண்ணீரில்லாமல் வாடிய செடியில் செஞ்சிலந்திப் பேன் ஏறிவிடும், ஜூனில் வந்து பார்த்தால் வலை பின்னியிருக்கும். ஏப்ரல் கடைசி வாரத்தில் நெருக்கமான கிளைகளைக் கழித்து, இலையின் அடிப்பக்கத்தை ஒருமுறை நன்றாகக் கழுவி, தொட்டிகளை எல்லாம் வடக்குச் சுவரின் நிழலில் ஒன்றாக நெருக்கி வையுங்கள். மண்ணின் மேல் காய்ந்த இலைகளையோ தேங்காய் நாரையோ பரப்புங்கள். பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். இலையைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகளாகப் பார்த்து ஒப்படைத்தால் நல்லது.